பதினோராவது பூச்சு

ஆல்டன்வேல் ஸ்டேஷனில் இப்போது எந்த ரயிலும் நிற்பதில்லை.
சின்சினாட்டி போகும் சரக்கு வண்டி மட்டும்
ஜன்னல்களை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போகிறது.

நான் காரில்தான் வந்தேன்.
பையில் அறுவைக் கத்தி, ஒரு லென்ஸ்,
முழங்காலுக்கு ஒரு கிழிந்த தலையணை.
பாதுகாப்புக் கமிட்டி கேட்டது ஒரே கேள்வி:
முதன்முதலில் இது என்ன நிறம்?

ஒரு சதுர அங்குலம் போதும் எனக்கு.
மேலே வெள்ளை. கொஞ்ச காலம் பூக்கடை இருந்ததாம்.
அடியில் பழுப்பு. கம்பெனி திவாலான வருடம்
எது மலிவோ அதை அடித்திருக்கிறார்கள்.
அப்புறம் ஒரு சாம்பல் படலம்.
அது பெயின்ட் அல்ல, கரி.
ஐம்பது வருட எஞ்சின் மூச்சு,
என் நகக்கண்ணில் ஏறிக்கொண்டு
இறங்க மாட்டேன் என்கிறது.

பதினோராவது பூச்சு பச்சை.
ஜாடியில் ஊறிய வெள்ளரிப் பிஞ்சின் பச்சை.
தலைவி வில்ஹெல்மினா ஸ்டாடர்ட்
சின்னப் பெண்போலக் கைதட்டினார்.

மாடு மேய்ந்த நிலம் இது.
அளக்க வந்தவர் ஒரு தெருவையும் நேராகப் போடவில்லை.
நேர்த்தெருவில் சரக்கு விரையும்,
வளைந்த தெருவில் மனிதன்
மெதுவாக வீடு திரும்புவான் என்று
வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவைத்தார்.
பன்றிக் கொழுப்பில் சோப்பு காய்ச்சியவர்கள்
மனை வாங்கினார்கள்.
நாற்றத்தை ஊரிலேயே விட்டுவிட்டு
மாலை ஐந்து நாற்பதுக்கு வந்திறங்கி
ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

இதுவரை எல்லாம் சிற்றேட்டில் இருக்கிறது.

தரையை யாரும் பார்க்கச் சொல்லவில்லை.
தலையணையை நகர்த்தும்போதுதான் கண்ணில் பட்டது:
பைன் பலகையில் குறுக்காக ஒரு கோடு,
அதன்மேல் ஏழு ஆணித் துளைகள்.
ஒரு தடுப்பு நின்றிருக்கிறது இங்கே.
அடுப்பு இருந்த பெரிய பக்கம் வழவழப்பாக இருக்கிறது.
கதவோரம், காற்று வரும் பக்கம்,
ஆறடி அகலம்தான்,
அங்கேதான் பலகை கரண்டிபோலக் குழிந்திருக்கிறது.

எஜமானர்கள் ஏறிப்போன காலை வண்டிக்கு முன்பே
எதிர்த்திசையில் ஒன்று வந்திருக்க வேண்டும்,
துவைக்க, சமைக்க, பிள்ளை தூக்க ஆள் ஏற்றிக்கொண்டு.
இரவில் அவர்கள் இங்கே காத்து நின்றிருக்கிறார்கள்.
பெஞ்சின் அடிச்சட்டத்தில்
கொண்டை ஊசியால் யாரோ கீறியிருந்தார்கள்:
லுவீனியா. 1884. வண்டி லேட்.

கூட்டத்தில் ராய்ஸ் பெட்டிபோன் தொண்டையைச் செருமினார்:
"கேட்டது சுவரின் நிறம். தரை எதற்கு அறிக்கையில்?
மணல் தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்தால்
கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம்."
பூசி மெழுகுவது என்று சொல்வார்களே,
அதை ஒருவர் டெண்டராகவே கொண்டுவந்து
அன்றுதான் பார்த்தேன்.

டெனெல் சைக்ஸ் கடைசி நாற்காலியில் இருந்தார்.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து வீடு அவருடையது.
கமிட்டியில் சேர்ந்து நாலு மாதம்.
"எந்த வருடத்தைக் காப்பாற்றுகிறோம்?" என்றார்.
"பச்சை அடியுங்கள், அழகாகத்தான் இருக்கும்.
ஆனால் அந்தக் கோட்டைக்
கோட்டை விட்டுவிடாதீர்கள்."

ஸ்டாடர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
அதற்குள் சரக்கு வண்டி வந்துவிட்டது.
நூற்றுப் பன்னிரண்டு பெட்டி, நான் எண்ணினேன்.
மேசைமேல் காப்பி நடுங்கியது.
ஏழு பேரும் பேச்சை அப்படியே நிறுத்தி
வாய் பாதி திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.
ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பச்சை, ஏகமனதாக நிறைவேறியது.
தரை, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.
அறிக்கையில் நான் தரையை முதல் பக்கத்துக்கு மாற்றினேன்.
சம்பளத்தில் பிடிப்பார்களா தெரியாது.

வெளியேற இருபது நிமிடம் ஆயிற்று.
வளைவுக்குப் பின் வளைவு, மேப்பிள் மரங்கள்,
எல்லா வீட்டுக்கும் ஒரு செம்புத் தகடு.
அளந்தவர் நினைத்தது பலித்துத்தான் இருக்கிறது,
மெதுவாகத்தான் போக முடிந்தது.

தண்டவாளத்தைத் தாண்டினால்
ஒரே ஒரு தெரு நேராகப் போகிறது.
பழைய வரைபடத்தில் அது இல்லை.